தட்டின் ஓரத்துக் கத்தரிக்காய்

என் பேரனுக்கு வயது ஆறு. உலகத்திலுள்ள காய்கறிகளையெல்லாம் அவன் இரண்டே வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறான். முதல் வகுப்பு, உருளைக்கிழங்கு. இரண்டாம் வகுப்பு, உருளைக்கிழங்கு அல்லாதவை. முதல் வகுப்பு அவன் வயிற்றுக்குப் போகும். இரண்டாம் வகுப்பு தட்டின் ஓரத்துக்குப் போகும். சாம்பாரில் கரைந்து மறைந்துவிட்டோம் என்று தைரியமாக இருக்கும் தக்காளித் தோலைக்கூட அவன் கண்டுபிடித்து வெளியே எடுத்து வைத்துவிடுவான். ரத்தின வியாபாரிகூட அவ்வளவு நுட்பமாகக் கல் பார்க்க மாட்டான்.

இதைப் பற்றி எங்கள் வீட்டில் நடக்காத மகாநாடு இல்லை. என் மருமகள் கெஞ்சிப் பார்த்தாள். மகன் அதட்டிப் பார்த்தான். பாட்டி கதை சொல்லிப் பார்த்தாள். நான் என் பங்குக்கு, முருங்கைக் கீரையில் இரும்புச் சத்து இருக்கிறது என்று ஒரு பிரசங்கம் செய்தேன். "இரும்பைத் தின்றால் பல் உடைந்து போகாதா, தாத்தா?" என்று கேட்டான். பிரசங்கம் அத்துடன் முடிந்தது.

இந்த நிலைமையில், ஒட்டன்சத்திரத்தில் வசிக்கும் என் பழைய நண்பர் ஒருவர் டெலிபோனில் பேசினார். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்ப சமாசாரங்களெல்லாம் ஆன பிறகு பேரனின் விஷயமும் வந்தது. "உங்கள் பேரனுக்கு வேண்டிய வைத்தியம் இங்கே பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. நேரில் வந்து பாருங்கள்" என்றார். வைத்தியம் என்றால் மருந்தா, மந்திரமா என்று கேட்டேன். "இரண்டும் இல்லை. ஒரு மஞ்சள் பையும் நாலு பாத்தியும்தான்" என்றார். அன்றிரவே ரயிலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன்.

சத்திரங்களின் சாலை

திண்டுக்கல்லில் இறங்கும்போது பொழுது விடிந்திருந்தது. ஊருக்குப் பெயர் கொடுத்த பாறை, கோட்டையைத் தலையில் தாங்கிக் கொண்டு நின்றது. பூட்டுக்குப் பெயர் போன ஊர். ஆனால் பஸ் நிலையத்தில் நான் வாங்கியது பூட்டு அல்ல; சிறுமலை வாழைப்பழம். தோல் பார்வைக்குக் கொஞ்சம் சுமாராகத்தான் இருக்கும். அதை மன்னித்துவிட்டு உரித்துச் சாப்பிட்டால், பழம் இன்னதென்று தெரிந்து கொள்ளலாம்.

அங்கிருந்து பழனி போகும் சாலை. வழியில் ரெட்டியார்சத்திரம், அதைத் தாண்டினால் ஒட்டன்சத்திரம். ஊர்களின் பெயர்களே அந்தக் காலத்து வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட கதையைச் சொல்லுகின்றன. இன்றும் தைப்பூசச் சமயத்தில் இந்தச் சாலையில் பழனிக்கு நடந்து போகும் பக்தர்களின் கூட்டத்தைக் காணலாம். தெற்கே கோடைக்கானல் மலைத் தொடர் மேகப் போர்வை போர்த்திப் படுத்திருந்தது. சாலையின் இரு பக்கமும் முருங்கைத் தோட்டம், தென்னந்தோப்பு, மக்காச்சோளக் கொல்லை, நடுநடுவே தக்காளியும் கத்தரியும் காய்த்துக் குலுங்கும் தோட்டங்கள். 'இந்த நாட்டுக் குழந்தைகளுக்கு யாராவது காய்கறியைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டுமா?' என்று எனக்குத் தோன்றிற்று. அன்று பிற்பகல் வரையில்தான் அந்த எண்ணம் நிலைத்தது.

லாரிக்குப் போகும் காய்

ஒட்டன்சத்திரம் ஒரு காலத்தில் வெண்ணெய்க்குப் பெயர் பெற்றது. இப்போது அதைவிடக் காய்கறிச் சந்தைக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் இது ஒன்று. சந்தைக்குள் நுழைந்தவுடன் முதலில் கண்ணைப் பறிப்பது நிறம். பெட்டி பெட்டியாகத் தக்காளி. சாக்குச் சாக்காகக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும். மண் ஒட்டிய பீட்ரூட் குவியல். பூசணிக்காய்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஏதோ சபை நடத்துவதுபோல் இருந்தன. கட்டுக் கட்டாக முருங்கைக்காயைத் தோளில் சுமந்து கொண்டு ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு, கடைசியில் நான் ஒரு கமிஷன் மண்டியின் திண்ணையில் ஏறி நின்றுகொண்டேன்.

இந்தச் சந்தைக்கு வரும் காயில் பெரும் பகுதி கேரளத்துக்குப் போகிறது. ஓணம் நெருங்கினால் லாரிகளுக்கு இடம் போதாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் அவியலும் எரிசேரியும் மணப்பதற்கு இந்தப் பக்கத்து மண் வியர்வை சிந்துகிறது. வியாபாரம் என்பது அப்படித்தான் இருக்க வேண்டும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வருத்தம் வந்தது வேறொரு காரணத்தால். திண்ணையின் கீழே ஓர் அம்மாள் தக்காளியைத் தரம் பிரித்துக் கொண்டிருந்தாள். கெட்டியான பழம் ஒரு பெட்டியில், கனிந்தது ஒரு பெட்டியில், அடிபட்டது தரையில். கை இயந்திரம்போல் வேலை செய்தது. பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பதற்காக, "இன்று வீட்டில் என்ன குழம்பு, அம்மா?" என்று கேட்டேன்.

"குழம்பா? நாள் முழுக்க இந்தக் காயோடேயே மல்லுக்கட்டுகிறோம். வீட்டுக்குப் போய் ஒரு ரசம் வைத்தால் போதும் என்று ஆகிவிடுகிறது, ஐயா."

"குழந்தைகளுக்கு?"

"அதுகள் காயைத் தொடாது. அஞ்சு ரூபாய்ப் பாக்கெட் ஒன்று வாங்கிக் கொடுத்தால் சும்மா இருக்கும்."

சந்தையின் வாசலில், எண்ணெயில் பொரித்து உப்பும் காரமும் தடவிய அந்தப் பாக்கெட்டுகள் தோரணமாகத் தொங்குவதைத் திரும்பும்போது பார்த்தேன். உள்ளே மலை மலையாகத் தக்காளி. வெளியே தக்காளி வாசனை ஏற்றிய பாக்கெட். அந்த அம்மாளின் மேல் எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. என் வீட்டில் நாலு பெரியவர்கள் சேர்ந்து ஒரு குழந்தைக்குச் செய்ய முடியாததை, பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்த ஒருத்தி இரவு எட்டு மணிக்குமேல் எப்படிச் செய்வாள்?

மஞ்சள் பைக்குள் என்ன?

மறுநாள் காலை நண்பருடன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக் கொண்டார். "பெயர் வெளியே வந்தால் பார்க்க வருகிறவர்கள் கூட்டம் கூடும், பாத்தி மிதிபட்டுப் போகும்" என்பது அவர் சொன்ன காரணம். நியாயமான காரணம் என்று பட்டது.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஏறக்குறைய நாற்பது குழந்தைகள், ஒரு வேப்ப மரம். குழந்தைகளில் பலருடைய தாய் தந்தையர் தோட்ட வேலைக்கோ சந்தை வேலைக்கோ போகிறவர்கள்.

முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். கல்யாண வீட்டில் தாம்பூலத்துடன் கொடுப்பார்களே, அந்தப் பைதான். ஒவ்வொரு குழந்தையும் உள்ளே பார்க்காமல் கையை மட்டும் விட்டு, அகப்பட்ட காயைத் தடவிப் பார்த்து, பெயரைச் சொல்லாமல் அதன் அடையாளத்தை மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

"வழவழவென்று இருக்கு, டீச்சர். தலையிலே தொப்பி போட்டிருக்கு. தொப்பியிலே முள்ளு!"

"கத்தரிக்காய்!" என்று வட்டம் முழுவதும் கூவிற்று.

"முதுகெல்லாம் மேடு பள்ளம். முதலை மாதிரி."

"பாகற்காய்!"

பிறகு ஆசிரியை வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, பீட்ரூட் சாற்றில் தோய்த்து, காகிதத்தில் பதிக்கச் சொன்னார். ஐந்து மூலையுடைய சிவப்புப் பூக்கள் காகிதம் முழுவதும் பூத்தன. வெண்டைக்காய்க்குள் ஒரு பூ ஒளிந்திருக்கிறது என்பதை அறுபத்தேழு வயதில் நான் முதல் முறையாகக் கவனித்தேன்.

அடுத்தது ருசி பார்க்கும் பாடம். வெள்ளரிக்காய், காரட், முள்ளங்கி ஆகியவற்றை நன்றாகக் கழுவி, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி வாழையிலையில் வைத்தார்கள். இந்தப் பாடத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. முகர்ந்து பார்க்கலாம், நாக்கு நுனியால் தொட்டுப் பார்க்கலாம், கடிக்கலாம். பிடிக்காவிட்டால் இலையின் ஓரத்தில் மரியாதையாக வைத்துவிடலாம். 'சீ' என்று மட்டும் சொல்லக் கூடாது. 'எனக்குப் பிடிக்காது' என்றும் சொல்லக் கூடாது. 'எனக்கு இன்னும் பிடிக்கவில்லை' என்று சொல்ல வேண்டும்.

முள்ளங்கித் துண்டை முகர்ந்த ஒரு சிறுமி மூக்கைச் சுளித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னும் பிடிக்கவில்லை, தாத்தா" என்று மிகுந்த கௌரவத்துடன் தெரிவித்தாள். ஆசிரியை அவளைக் கோபிக்கவில்லை. 'நல்ல பிள்ளை' என்று தாஜா செய்யவும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் அவள் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த குழந்தையிடம் போனார்.

அந்தப் புள்ளிகளின் கணக்கை ஆசிரியை எனக்கு விளக்கினார். பழக்கமில்லாத பண்டத்தைக் கண்டு குழந்தை பயப்படுவது இயற்கை. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரையில் இந்தப் பயம் அதிகம். ஒரு முறை துப்பியதை வைத்துக் கொண்டு, 'என் குழந்தைக்கு இது ஆகாது' என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆனால் ஒரே காயைக் கொஞ்சம் கொஞ்சமாக, வற்புறுத்தாமல், எட்டுப் பத்து முறை கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளின் நாக்கு அதற்குப் பழகிவிடுகிறது; சில குழந்தைகளுக்குப் பதினைந்து முறைகூட ஆகும். இது பல நாடுகளில் குழந்தைகளை வைத்து ஆராய்ந்து கண்ட உண்மை.

"நாம் எத்தனை முறை கொடுத்துப் பார்க்கிறோம், ஐயா? இரண்டு முறை. மிஞ்சினால் மூன்று. மூன்றாவது முறை நம்முடைய பொறுமைதான் தீர்ந்து போகிறது" என்றார்.

என் வீட்டு மகாநாடுகள் ஞாபகத்துக்கு வந்தன. பரிசு கொடுத்தால் என்ன என்று கேட்டேன். 'கீரையைத் தின்றால் மிட்டாய் தருகிறேன்' என்று நான் பேரனிடம் பல முறை பேரம் பேசியிருக்கிறேன்.

"அப்படிச் சொன்னால் குழந்தைக்கு என்ன தெரிகிறது? கீரை ஒரு தண்டனை, மிட்டாய்தான் நல்லது என்று நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்துப் பாத்தி

வகுப்பறைக்குப் பின்னால் நாலு பாத்திகள். குழந்தைகள் கை கழுவும் குழாயிலிருந்து வழியும் தண்ணீர் ஒரு சிறு வாய்க்கால் வழியாகப் போய் இரண்டு வாழைகளையும் ஒரு பப்பாளியையும் நனைத்துவிட்டுப் பாத்தியில் பாய்கிறது. வேலியோரம் முருங்கை. பந்தலில் அவரையும் புடலையும். புடலங்காய் நேராக வளர வேண்டும் என்று குழந்தைகள் அதன் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தது ஆசிரியை அல்ல. ஒரு பையனுடைய பாட்டி.

முதல் வகுப்புக் குழந்தைகளுக்குச் சிறுகீரைப் பாத்தி. காரணம் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தையால் மூன்று மாதம் காத்திருக்க முடியாது. சிறுகீரை விதைத்து இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். இரண்டாம் வகுப்புக்கு முள்ளங்கியும் வெண்டையும். ஒன்றரை மாதப் பொறுமை வேண்டும். கத்தரியும் தக்காளியும் அதற்குமேல் படித்தவர்களுக்கு! பொறுமையையும் வகுப்பு வகுப்பாகத்தான் கற்றுக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

மத்தியானம் மணி அடித்தது. சத்துணவு சமைக்கும் ஆயா பாத்திக்கு வந்து, "இன்றைக்கு யார் முறை?" என்று கேட்டார். ஐந்து குழந்தைகள் ஓடி வந்து கீரையைப் பறித்துக் கொடுத்தார்கள். அதைக் கழுவிய பிறகுதான் நறுக்கினார்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும் என்று ஒரு மூன்றாம் வகுப்பு மாணவி எனக்குப் பாடம் சொன்னாள். சாம்பாரில் அந்தக் கீரை சேர்ந்தது. சாம்பார் சாதமும் முட்டையும் அன்றைய சாப்பாடு.

நான் அங்கே கண்ட காட்சியை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதத்தில் புதிதாகச் சேர்ந்த முதல் வகுப்புக் குழந்தைகளின் தட்டு ஓரங்களில் கத்தரிக்காய்த் துண்டுகள் வட்டமாக அலங்கரித்துக் கொண்டிருந்தன. அது என் பேரனின் தட்டேதான். இரண்டாம் வகுப்பில் வட்டம் அங்கங்கே அறுந்திருந்தது. நாலாம் வகுப்பில் பெரும்பாலான தட்டுகளில் ஓரம் சுத்தமாக இருந்தது. ஒரு பையன் மட்டும் புடலங்காயைக் குவித்து வைத்திருந்தான். "இன்னும் பிடிக்கவில்லை" என்றான். நாலு வருஷமாக அவன் சொல்லும் பதில் அதுதானாம். எந்தக் கல்வியும் நூற்றுக்கு நூறு பலிப்பதில்லை.

ஆனால் கீரையின் விஷயம் வேறு. முதல் வகுப்புக் குழந்தைகள்கூடச் சாம்பாரில் கீரையைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். "இது நான் பறிச்சது" என்று ஒருவன் ஓர் இலையைத் தூக்கிக் காட்டினான். பக்கத்திலிருந்தவன் அதை மறுத்து, தான் பறித்தது என்றான். கீரைக்காகக் குழந்தைகள் சண்டை போட்டுக் கொள்வதை நான் என் ஆயுளில் அன்றுதான் கண்டேன்.

குன்னூர் எலிகள்

சாப்பாட்டுக்குப் பிறகு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து நண்பரும் நானும் பேசிக் கொண்டிருந்தபோது, குன்னூர் எலிகளின் கதை வந்தது. தமிழர்களாகிய நாம் அவசியம் அறிந்து கொள்ள வேண்டிய கதை அது.

1920-களில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் டாக்டர் உணவு ஆராய்ச்சி நடத்தி வந்தார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பிரதேசத்து மக்களின் சாப்பாட்டையும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். முழுக் கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் பச்சைக் காய்கறியும் அடங்கிய சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்து முதல் இடத்தைப் பெற்றன. தீட்டிய அரிசியை அதிகமாகவும், பாலையும் காய்கறியையும் குறைவாகவும் கொண்ட சென்னை ராஜதானிச் சாப்பாட்டைத் தின்ற எலிகள் வரிசையின் கடைசியில் நின்றன. நம்முடைய சாம்பாரையும் ரசத்தையும் பற்றி நாம் எவ்வளவு பெருமை பேசினாலும், எலிகள் அதற்குச் சாட்சி சொல்ல மறுத்துவிட்டன! அந்தக் குன்னூர் ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று இன்று விளங்குவது அதுதான். நம் தட்டில் ஏறக்குறையப் பாதி இடம் காய், கீரை, கிழங்கு, பழங்களுக்குச் சேர வேண்டும் என்று அது இப்போது சொல்லுகிறது.

குழந்தைகளின் பசியைப் பொறுத்த வரையில் தமிழ்நாடு வெட்கப்பட வேண்டியதில்லை. 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. நூறு வருஷ காலத்தில் கட்சிகள் மாறின, அரசாங்கங்கள் மாறின, குழந்தைக்குச் சோறு போட வேண்டும் என்னும் கொள்கை மட்டும் மாறவில்லை.

ஆயினும் 2019 முதல் 2021 வரையில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கைப் பார்த்தால் மனம் துணுக்குறுகிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. இந்தியா முழுவதற்கும் 67 பேர். இதற்குக் காரணங்கள் பல. கீரை ஒன்றினால் மட்டும் தீர்ந்துவிடும் என்று சொல்லுகிறவன் வைத்தியன் அல்ல. கீரையிலுள்ள இரும்பை உடம்பு சுலபமாக ஏற்றுக் கொள்வதில்லை; எலுமிச்சை, நெல்லி, தக்காளி இவற்றில் உள்ள ஜீவசத்து உடன் சேர்ந்தால்தான் நன்றாக ஏற்கிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதுவும் கெட்டுப் போகிறது. மாலைக்கண் வராமல் காக்கும் 'ஏ' ஜீவசத்தைக் கீரை, காரட், மஞ்சள் பூசணி, பப்பாளி முதலியவற்றிலிருந்து உடம்பு தயாரித்துக் கொள்கிறது. ஆனால் அதற்குச் சிறிது எண்ணெயோ நெய்யோ உடன் வேண்டும். இவையெல்லாம் பாட்டிமார் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தவை. கீரைக்கு நெய்யும் ரசத்துக்குத் தக்காளியும் சும்மா வரவில்லை.

மத்திய அரசின் விதிப்படி தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு மதிய உணவில் 50 கிராம் காய்கறி சேர வேண்டும். ஏறக்குறைய ஒரு கைப்பிடி. பள்ளிக்கூடங்களில் காய்கறித் தோட்டம் போடுவதற்கு 2019-ல் அந்த அரசு வழிகாட்டும் விதிகளும் வெளியிட்டது. ஆனால் அந்த ஒரு கைப்பிடி, தட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய், ஓரத்திலிருந்து தொட்டிக்குப் போனால், திட்டமும் விதியும் என்ன செய்ய முடியும்? அந்த ஒரு சாண் தூரத்தில்தான் ஆசிரியையின் வேலை இருக்கிறது.

மண்வெட்டி வழக்கு

எல்லாம் சுலபமாக நடந்துவிட்டதாக நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. கோடை விடுமுறையில் பாத்தி காய்ந்து போகிறது. ஆடு வேலியைத் தாண்டிவிடுகிறது. ஒரு வருஷம் முருங்கையைக் கம்பளிப் பூச்சி மொட்டையடித்துவிட்டது. இவற்றையெல்லாம் ஆசிரியை சிரித்துக் கொண்டே சொன்னார். ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

தோட்டம் ஆரம்பித்த முதல் மாதத்தில் ஒரு தாய் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாளாம். "நாங்கள்தான் மண்ணிலே கிடந்து மாய்கிறோம். எங்கள் பிள்ளையும் மண்வெட்டி பிடிக்கவா இங்கே அனுப்புகிறோம்? பணக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லுவீர்களா?" என்று கேட்டாளாம்.

காந்திமகான் 1937-ல் வார்தாவில் கைத்தொழில் வழியாகக் கல்வி புகட்டும் திட்டத்தை நாட்டின் முன் வைத்தார். 1947-ல் இதே ஜில்லாவில், டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவி அந்தக் கல்விக்கு ஓர் இடம் அமைத்தார்கள். அந்தப் பெரிய தத்துவத்தின் எதிரே இந்தத் தாயின் கேள்வியை வைத்துப் பார்க்க வேண்டும். மண்ணைத் தொடாதவனுக்கு மண் ஒரு தத்துவம். மண்ணிலிருந்து தப்பிக்கத் துடிக்கிறவளுக்கு அது வேறு.

"நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"அந்த அம்மா கேட்டது சரிதான் என்று சொன்னேன். தோட்டத்துக்கு வாரத்தில் அரை மணிதான். அதுவும் பாடமாகத்தான் என்று சொல்லி, உள்ளே அழைத்துப் போய்க் காட்டினேன்."

அன்று நாலாம் வகுப்பில் பாத்தியின் நீள அகலத்தை அளந்து, ஒரு சாணுக்கு ஒரு நாற்று என்றால் எத்தனை நாற்று வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார்களாம். அந்தத் தாயின் மகன் கரும்பலகையில் விடை எழுதினான். தாய் ஒன்றும் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள். மறு வாரம் ஒரு பொட்டலம் கொத்தவரை விதை அனுப்பி வைத்தாள். அவ்வளவுதான், சமாதானம் ஆகிவிட்டதாக அதற்கு அர்த்தமா என்று ஆசிரியைக்கு இன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் மண்வெட்டி கிடையாது. சிறு கொத்துக் கரண்டிகள்தான் இருக்கின்றன. அந்தத் தாயின் சொல்லுக்காகவே மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள்.

விடை பெறும்போது ஆசிரியை இன்னொரு விஷயம் சொன்னார். அந்த முள்ளங்கிச் சிறுமி இருக்கிறாளே, அவளுடைய அம்மா சந்தையில் தக்காளி தரம் பிரிக்கிறவள். முன்பெல்லாம் வீட்டுக்கு ஒன்றும் கொண்டு போக மாட்டாளாம். இப்போது மகள் வாசலில் காத்திருந்து, "என்ன காய் கொண்டு வந்தே?" என்று பையைத் திறந்து பார்க்கிறாளாம். அந்தத் தொல்லைக்குப் பயந்து தினமும் நாலு தக்காளியாவது, இரண்டு கத்தரிக்காயாவது எடுத்துப் போகிறாளாம். நான் முந்திய நாள் பேசிய அம்மாள்தானா அது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவளாக இல்லாவிட்டால், அவளுக்கும் அப்படி ஒரு மகள் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று நினைத்துக் கொண்டேன்.

பதினைந்தில் நாலு

சென்னைக்குத் திரும்பும்போது என் பையில் சிறுமலைப் பழத்தோடு ஒரு சிறுகீரை விதைப் பொட்டலமும் இருந்தது. மொட்டை மாடியில் பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் மண் நிரப்பி, பேரன் கையாலேயே விதைக்கச் செய்தேன். முதல் ஐந்து நாளும் காலையில் எழுந்தவுடன் ஓடிப் போய்ப் பார்த்து, "ஒன்றும் இல்லை, தாத்தா" என்று முறையிட்டான். ஆறாம் நாள் ஒன்றும் சொல்லாமல் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு போனான். ஊசி முனைபோல் பச்சைப் புள்ளிகள்.

இருபத்தாறாம் நாள் பறித்தோம். மூன்று பிடி இருந்தது. பாட்டி பருப்போடு மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டாள். வீட்டில் எல்லாரும் வேண்டுமென்றே வேறு எதையோ பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம். பேரன் நாக்கு நுனியால் தொட்டான். யோசித்தான். தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "இன்னும் பிடிக்கவில்லை" என்றான். சுவரில் தொங்கும் காலண்டரில் ஒரு புள்ளி வைத்தேன்.

இன்று வரையில் நாலு புள்ளிகள் ஆகியிருக்கின்றன. நாலாவது முறை ஒரு வாய் விழுங்கிவிட்டான். பிடித்து விழுங்கினானா, தவறி விழுங்கினானா என்று நான் விசாரிக்கவில்லை. தொட்டியில் இரண்டாம் தடவை விதைத்திருக்கிறோம்; தண்ணீர் விடுவது அவன் பொறுப்பு. மருமகளுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை. "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்கிறாள். கணக்கு இன்னும் முடியவில்லை, அம்மா. பதினொரு முறை பாக்கி இருக்கிறது என்று பதில் சொல்லியிருக்கிறேன்.